நாம் செய்யும் ஈரிறக்கை விமானம்



இந்து வாலிபர் சங்கம் போர் விமானத்தின் மாதிரியைச் செய்வானேன் என்று பெரியோர் சிலர் எம்மிடம் கேட்டனர். நியாயமான கேள்வி. விடை கூறுமுன் விமானத்தைப் பற்றிச் சொல்லிவிடுகின்றோம்.

நாம் செய்வது 'பெயரி சுவோட்பிஷ்' என்னும் பிரித்தானியக் கடற்படை விமானம். மேலும் கீழுமாக இரண்டு இறக்கைகள். மூவர் அமரத் திறந்த ஆசனங்கள். வயிற்றின் கீழ் 1,600 இறாத்தல் அளவில் ஒரு டோப்பிடோ. 1940 நவம்பரில் இத்தாலியின் தரந்தோத் துறைமுகத்தில் 21 சுவோட்பிஷ்கள் ஓரிரவிலே மூன்று பெரும் போர்க்கப்பல்களைச் செயலிழக்கச் செய்தன. வேகமோ மணிக்கு 140 மைலை எட்டுவதே அரிது.

எமது மாதிரி மூலத்தில் ஆறிலொரு பங்கு. 45½ அடி இறக்கை 7 அடி 7 அங்குலமாகின்றது. நீளம் ஆறிலொன்றானால் இறக்கையின் பரப்பு 36இல் ஒன்றாகும். நிறையோ 216இல் ஒன்றாகக் குறைய வேண்டும். குறைந்தாற்றான் மூலத்தைப் போல நிதானமாகப் பறக்கும். ஆகவே பல்சா மரத் துண்டு ஒவ்வொன்றையும் நிறுத்த பின்னரே ஒட்டுகின்றோம். மின்மோட்டரும் பற்றறியும் மூக்கிலே இருந்தும், வாற்புறத்தில் ஓர் அவுன்ஸ் கூடினால் சமநிலைக்காக முன்னே பல அவுன்ஸ் ஈயம் வைக்க நேரும். பசை பூசுவதில் தாராளம் காட்டும் தம்பிமார் கவனிக்க!

இறக்கைகளிடையே ஓடும் கம்பிகள் அலங்காரமல்ல. தாங்குகால்களும் கம்பிகளும் சேர்ந்தே இரண்டு இறக்கைகளையும் ஒரு பாலம்போல் உறுதியாக்குகின்றன. ஒரு கம்பியை மிகையாக இறுக்கினால் இறக்கை முறுகும். முறுகிய இறக்கையோடு எழும் விமானம் ஒரு பக்கம் சரியும். நிலத்தில் நின்று வானொலி அலையால் அதனை ஆள்பவர் பாடு திண்டாட்டந்தான்.

இனி அந்தக் கேள்வி. 1942 ஏப்பிரல் 5, உயிர்த்த ஞாயிறு. யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்த காலையிலே, திருகோணமலைச் சீனன்குடாவிலிருந்து ஆறு சுவோட்பிஷ்கள் டோப்பிடோக்களுடன் இரத்மலானையை நோக்கி வந்துகொண்டிருந்தன. மணிக்கு 300 மைலுக்கு மேற் செல்லும் 'சீரோ' விமானங்கள் ஆறையும் சுட்டு வீழ்த்தின. இது நடந்தது நம் நாட்டு வானிலே. அவை எப்படியிருந்தன, ஏன் தப்பியோட இயலவில்லை என்பதை நம் பிள்ளைகள் கண்ணாற் காண வேண்டும் என்பதே எமது விடை.

டோப்பிடோவைப் பொருத்துவதா விடுவதா என்று செயற்குழுவில் இரண்டு மாலை வாதம் நடந்தது. பொருத்துகின்றோம், அந்தப் பாரத்தோடுதானே அவை வீழ்ந்தன! அளவுப்படி அது 7 இறாத்தலுக்கு மேல் வரும். எம்முடையது உள்ளே வெறுமையான மரக்கூடு. கழன்று விழும் பொறியும் இல்லை. மூன்று ஆசனங்களிலும் மனித உருவங்கள் வைக்க வேண்டியிருக்கின்றது. செதுக்கத் தெரிந்த உறுப்பினர் எவரேனும் இருப்பின், கூட்டம் முடிந்ததும் எம்மை வந்து காண்க.