இரு கிராமங்களும் ஒரு கால்வாயும்

(மைசூருவில் ஆட்சிப் பணிப் பயிற்சியாளர்களும் சமூகவியல் மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சமூக அறிவியல், நிர்வாகவியல் கோட்பாடுகளை நடைமுறைப் பிரச்சினைகளில் பயன்படுத்துவது எவ்வாறு என்பது குறித்துப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. இங்கிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மண்டியாவே போதும்.

1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணைப் பணியும் அதன் பின் வெட்டப்பட்ட விசுவேசுவரய்யா கால்வாயும் மண்டியாப் பகுதியின் புன்செய்க் காடுகளை நன்செய்யாக மாற்றின. 1933இல் மைசூர் சர்க்கரைக் கம்பெனி அங்கே நிறுவப்பட்டது. பொறியாளர்கள் தங்கள் கணக்கைச் சரியாகவே போட்டிருந்தனர். தண்ணீர் வந்தபின் மனிதர்களுக்கிடையே என்ன நேர்ந்தது என்ற கணக்கைப் பின்னர் போட்டவர் ஸ்கார்லெட் எப்ஸ்டீன். வியன்னாவில் பிறந்து, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் மானிடவியலும் பயின்ற அம்மையார் அவர். 1954 முதல் 1956 வரை மண்டியாவின் இரு கிராமங்களில் தங்கி ஆய்வு செய்தார். அவற்றுக்கு வங்கலா, தலேனா என்று புனைபெயர் இட்டார். ஆய்வு 1962இல் நூலாக வெளிவந்தது.

இரண்டிலும் பெரும்பான்மையினர் ஒக்கலிகக் குடியானவர்கள். வங்கலாவின் நிலங்களுக்குக் கால்வாய் நீர் பாய்ந்தது. தலேனாவின் நிலம் கால்வாய் மட்டத்துக்கு மேலே இருந்ததால் ஒரு சொட்டும் பாயவில்லை. வளர்ச்சி பெற்ற கிராமம் மாறியிருக்கும், பெறாத கிராமம் அப்படியே கிடக்கும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். கண்டதோ வேறு. வங்கலாவில் கரும்பும் நெல்லும் பெருகின, வருமானம் உயர்ந்தது, ஆனால் சாதி உறவுகளும் பரம்பரை வேலை உறவுகளும் பெரும்பாலும் பழையபடியே நின்றன. தலேனாவினர் ஆலை வேலைக்கும் அரசு வேலைக்கும் மண்டியா சென்றனர். வண்டி கட்டிக் கரும்பு ஏற்றினர். அரவை ஆலை வைத்தனர். நீர் பாயும் அண்டைக் கிராமங்களில் நிலம் வாங்கினர். பிழைப்பு ஊருக்கு வெளியே விரிந்தபோது ஊருக்குள் இருந்த பழைய பிணைப்புகள் தளர்ந்தன. நீர் பெறாத கிராமமே சமூக அளவில் அதிகம் மாறியது.

இதில் திட்ட அதிகாரிக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். ஒரு நடவு விவகாரத்தைச் சொல்கிறேன்.

1953இல் நாடெங்கும் ஜப்பானிய நெல் சாகுபடி முறை பரப்பப்பட்டது. மேட்டு நாற்றங்கால், வரிசை நடவு, குத்துக்குச் சில நாற்று, கூடுதல் உரம். வங்கலா விவசாயிகள் இதை ஏற்கவில்லை. அவர்களே கரும்பில் மட்டும் புது விதை, புது உரம், புது முறை அனைத்தையும் தயங்காமல் ஏற்றுக்கொண்டிருந்தனர். 'பாமரர்களின் பிடிவாதம்' என்று அறிக்கையில் எழுதிவிடுவது எளிது. ஒரே மனிதர் ஒரு வயலில் முற்போக்காளராகவும் அடுத்த வயலில் பிடிவாதக்காரராகவும் இருப்பது எங்ஙனம்?

விடை கூலி முறையில் இருந்தது. நெல் பழைய பயிர். அதன் நடவுக்குப் பெண்கள் கூட்டமாக வருவர். ஏக்கருக்கு இவ்வளவு என்பதை வழக்கமே நிர்ணயித்திருந்தது. புதிய முறையில் அதே ஏக்கருக்கு உழைப்பு அதிகம், கூலியோ பழையது. கூடுதல் உழைப்பைத் தர நடவுப் பெண்களுக்குக் காரணமில்லை. வழக்கத்தை உடைத்து அதிகம் தர நில உடைமையாளர்களுக்கு மனமில்லை. கரும்பு புதிய பயிராதலால் அதற்கு வழக்கக் கூலி என்று ஒன்று இல்லை. நாட்கூலி பேசிக்கொள்ள முடிந்தது.

அந்த வழக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. 'ஹளேமக்களு' என்றழைக்கப்பட்ட ஆதிகர்நாடகக் குடும்பங்கள் ஒக்கலிகர்களிடம் பரம்பரையாக வேலை செய்து, ஆண்டுக்கு நிலையான அளவு கேழ்வரகு பெற்றன. நம் பக்கத்துப் படியாள் முறையை இதற்கு அருகில் வைக்கலாம். விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் அதே அளவு கிடைக்கும். அமோகமாக விளைந்த ஆண்டிலும் அதே அளவுதான். பஞ்சத்தில் பட்டினி கிடக்காதிருக்க, செழிப்பில் பங்கு கேட்பதைக் கைவிட்டிருந்தனர். இதைக் காப்பீடு என்று பொருளாதார மாணவர் சொல்லலாம். மிகக் கடுமையான பிரீமியம் கொண்ட காப்பீடு என்பேன் நான்.

கால்வாய் இந்தச் சமன்பாட்டைக் கலைத்தது. பஞ்ச ஆண்டுகள் அருகின. செழிப்பு ஆண்டுகள் பெருகின. செழிப்பின் உபரி முழுவதும் நிலம் உள்ளவர்களுக்கே சென்றது. எப்ஸ்டீன் 1970இல் மீண்டும் வந்து பார்த்தபோது, வசதியுள்ளவருக்கும் ஏழைகளுக்கும் இடையே இடைவெளி விரிந்திருந்ததைக் கண்டார். 1973இல் வெளியிட்ட நூலில் அதைப் பதிவு செய்தார். தன் முடிவைத் தானே பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் வந்து சோதிக்கும் வழக்கம் நம் துறைகளில் இல்லை. திட்டம் முடியும் முன்பே அதிகாரிக்கு மாறுதல் உத்தரவு வந்துவிடுகிறது.

எவரெட் ரோஜர்சின் புதுமைப் பரவல் கோட்பாடு நீங்கள் அறிந்ததே. 1962இல் வெளிவந்த அவரது நூலைப் பின்பற்றி, முன்னோடிகள், பின்தங்குவோர் என்று விவசாயிகளை வகைப்படுத்துகிறோம். அக்கோட்பாட்டின் வேர்கள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய மக்காச்சோளம் பரவிய விதம் பற்றிய ஆய்வில் உள்ளன. வங்கலாவில் முடிவு நில உடைமையாளருடையது, முதுகு வளைவது இன்னொருத்தியுடையது. பின்தங்கியவர் யார் என்று எந்தக் கட்டத்தில் குறிப்பது?

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். மடகாஸ்கரில் 1980களில் உருவான ஒற்றை நாற்று நடவு, 'திருந்திய நெல் சாகுபடி' என்ற பெயரில் 2000க்குப் பின் தமிழ்நாட்டில் பரப்பப்பட்டது. விதையும் நீரும் மிச்சம் என்று விளக்கினோம். சதுர நடவில் ஒவ்வொரு நாற்றாக, குறியிட்ட இடத்தில் ஊன்றும் பெண்களுக்கு என்ன மிச்சம் என்பதை விளக்கத் துண்டறிக்கையில் இடம் ஒதுக்கவில்லை. நடவாட்கள் தயங்கிய இடங்களில் பயிற்சி முகாம்களைத்தான் அதிகப்படுத்தினோம். கூலிக் கணக்கு பேசப்பட்டது குறைவு.

இவ்வார இறுதியில் களப்பயிற்சிக்கு மண்டியாக் கிராமங்களுக்குச் செல்லவிருக்கிறீர்கள். கையிலுள்ள வினாப்பட்டியலில் நிலப்பரப்பு, பயிர், கடன் எல்லாம் உள்ளன; கூலி பற்றி ஒரே வரிதான் இருக்கிறது. அதன்கீழ் மூன்று வரிகள் சேர்த்துக்கொள்ளுங்கள்: நடவுக் கூலியை நிர்ணயிப்பவர் யார், நாளுக்கா ஏக்கருக்கா, கடைசியாக மாறியது எப்போது. இவற்றைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் கேட்க வேண்டாம். உச்சிவேளையில் பெண்கள் வரப்பில் அமர்ந்து உணவு உண்ணும்போது, அவர்கள் அனுமதியோடு, நில உடைமையாளர் அருகில் இல்லாத நேரத்தில் கேளுங்கள்.