குறிப்பேடு கேட்ட கேள்வி

பெருங்குடித் தோழர்களே! ஞாயிறு ஏட்டில் இவ்வுரையைப் படிக்கப்போகும் தம்பி, உன்னையும் சேர்த்தே அழைக்கிறேன். முன்வரிசையில் அமர்ந்திருப்பதாகவே எண்ணிக்கொள்.

மூன்றாண்டுகளுக்கு முன் இதே ஊரில் என் நாடகம் ஒன்று நடந்தது. வேள்விச்சாலை வாயிலில் புத்தர் நிற்பார். 'அறிவு ஒன்றையே நம்பு, வேறு எவர் சொல்லையும் நம்பாதே' என்று முழங்குவார். கொட்டகை அதிரும்! அன்றும் அதிர்ந்தது. அரிதாரத்தைக் கலைத்துக்கொண்டிருந்தபோது நரைத்த தலைப் பெரியவர் ஒருவர் வந்தார். "வசனம் நன்று தம்பி. புத்தர் இதை எங்கே சொன்னார்?" என்றார்.

மூன்று மணி நேரம் பேசும் நாவு மூன்று சொல் கிடைக்காமல் தவித்தது. யாரோ பேசக் கேட்டேன். அவரும் யாரோ பேசக் கேட்டிருப்பார். கேட்டு வந்தது என்பதற்கு வடமொழியில் என்ன பெயர் தெரியுமா? சுருதி! சுருதியைச் சாடப் புறப்பட்ட நான், மேடையேறிச் சுருதி பாடியிருக்கிறேன்!

மறுநாள் இரண்டு குயர் நோட்டு ஒன்று வாங்கினேன். இடப்பக்கம் நூல் சொல்வது. வலப்பக்கம் எனக்குத் தோன்றுவது. ஒன்று மற்றொன்றில் கலக்கக் கூடாது. கல்லூரியைப் பாதியில் விட்டவன் எனக்கு நானே வைத்துக்கொண்ட சட்டம் அது. கூட்டம் முடிந்து வீடு திரும்பும் இரவுகளில் இரண்டு பக்கம், மூன்று பக்கம். திரிபிடகம் என்பது கையடக்க நூலன்று. மச்சிம நிகாயம் ஒன்றில் மட்டும் 152 சுத்தங்கள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும். முதலில் எரிச்சலோடு தாண்டிச் சென்றேன். பிறகுதான் புரிந்தது: ஏட்டில் ஏறுமுன் நினைவிலே சுமந்த சொற்கள் அவை. இலங்கையில் மாத்தளைக்கு அருகே அலுவிகாரையில், கி.மு. முதல் நூற்றாண்டில்தான் ஓலைக்கு வந்தன என்பது மரபு.

சோர்ந்தபோது இருவரை எண்ணிக்கொள்வேன். உ.வே.சாமிநாதையருக்கும் நமக்கும் நூறு கருத்து மாறுபாடு உண்டு. ஆனால் சைவத்தில் ஊறிய அவர், மணிமேகலையின் பௌத்தச் சொற்கள் விளங்காமல், கும்பகோணத்தில் மளூர் ரங்காசாரியார் ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் சொல்ல, ஆண்டுக்கணக்கில் கேட்டுக் குறித்தார். 1898இல் நூலை அச்சிட்டபோது புத்தர் வரலாறும் தருமமும் சங்கமும் தனிப் பகுதிகளாகவே சேர்ந்தன. தம் சமயமல்லாத ஒன்றைப் பிழையின்றிச் சொல்ல அவ்வளவு உழைப்பு!

மற்றவர் நம் பக்கத்து மயிலாப்பூரில் 1900இல் பிறந்த சீனி. வேங்கடசாமி. நீதிக்கட்சியின் 'திராவிடன்' ஏட்டில் பணியாற்றியவர். பின்னர்ப் பள்ளி ஆசிரியர். கல்வெட்டையும் ஏட்டையும் துருவி, 1940இல் 'பௌத்தமும் தமிழும்' தந்தார். பெருங்குடிக் குப்பைமேட்டை அறியாதவர் உங்களில் எவருமில்லை. வேண்டாமென்று எறிந்தவற்றினிடையே வேண்டியது கிடக்கும் என்பதை அந்த மேட்டைக் கிளறிப் பிழைப்போர் அறிவார்கள். வரலாறு எறிந்த மேட்டிலே அப்படிக் கிளறியவர் அவர். சோழநாட்டுப் புத்ததத்தர் பாலியில் நூல் எழுதியவர் என்பதும், குண்டலகேசி முழுதாக நமக்குக் கிட்டவில்லை என்பதும் அவரைப் படித்த பின்தானே எனக்குத் தெரியும்!

இனி, என் வசனத்துக்கு வருகிறேன். அதன் வேர் கடைசியில் அகப்பட்டது: அங்குத்தர நிகாயம், கேசபுத்தம் என்ற ஊரில் காலாமர்களுக்குச் சொன்னது. வழிவழி வந்தது என்பதற்காக ஏற்காதே, மறைநூலில் உள்ளது என்பதற்காக ஏற்காதே என்ற கருத்து அங்கே இருக்கிறது. துள்ளிக் குதித்தேன்! பட்டியல் அத்தோடு நிற்கவில்லை, தம்பி. தருக்கத்துக்குப் பொருந்துகிறது என்பது மட்டும் போதாதாம். நம் கருத்தோடு ஒத்துப்போகிறது என்பதும் போதாதாம். சொன்னவர் நம் ஆசான் என்பதும் போதாதாம்! பேராசையை, வெறுப்பை, மயக்கத்தை வளர்க்கிறதா, குறைக்கிறதா என்று நீயே கண்டறி. அறிவுடையோர் மெச்சுவதையும் பார் என்கிறது அது.

அன்றிரவு வலப்பக்கத்தில் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. 'எங்கள் தலைவர் சொன்னார்' என்று எத்தனை மேடைகளில் வாதத்தை முடித்திருக்கிறேன்! எதிரியின் மீது எறிய எடுத்த கல், என் கையையே கீறிவிட்டது.

வசனத்தை வெட்டினேன். நடிகத் தோழர் கண்கலங்காத குறை. "அண்ணே, கைதட்டலே அதற்குத்தான்" என்றார். உண்மைதான். புதிய காட்சியில் புத்தர் பட்டியலை முழுவதும் சொல்கிறார். ஆசான் என்ற இடம் வரும்போது கொட்டகையில் ஒருவரும் தட்டுவதில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

மறைந்த நூல்களுக்காக வருந்துகிறோம். இருக்கும் நூல்களைத் திறக்கிறோமா? அம்பேத்கர் பள்ளிச் சிறுவராயிருந்தபோது கேளுஸ்கர் பரிசளித்தது ஒரு புத்தர் வரலாறு. அவர் நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14. இடையே எத்தனை ஆண்டுகள், எத்தனை நூல்கள்! சென்னை லட்சுமி நரசு 1907இல் எழுதிய நூலை, 1948இல் முன்னுரை தந்து மீண்டும் அச்சேற்றியவரும் அவரே.

அடுத்த ஞாயிறு மாலை இக்கிளைப் படிப்பகத்தில் மணிமேகலையின் முதல் காதையைத் தொடங்குகிறோம். முப்பது காதைகள், அவசரமில்லை. ஆளுக்கொரு நோட்டு எடுத்து வாருங்கள். அந்தப் பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.