மிசோ சூப்பும் மாசி வாசமும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



செயற்குழுவினர் எம்மிடம் கேட்டது நீரிழிவு பற்றிய உரை. மதிய போசனத்துக்கு அரைமணி நேரம் இருக்கையில் அதைப் பேசினால் ஒருவருக்கும் பாயசம் இறங்காது. ஆகவே சென்ற வருடம் சித்திரை விடுமுறையில் குடும்பமாக யப்பானுக்குப் போய் உண்டு மகிழ்ந்ததைப் பேசுகிறோம் என்றோம். பெரிய மனதோடு சம்மதித்தார்கள்.

போனவர்கள் ஐந்து பேர். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், அம்மா. அம்மாவும் இப்பாடசாலையின் பழைய மாணவிதான். இப்போது முன்வரிசையில் இருக்கிறார். இனிச் சொல்லப்போவதை அவரிடம் கேட்டுக்கொண்டே சொல்கிறோம்.

பிள்ளைகளின் பட்டியலை முதலில் முடித்துவிடலாம். மகனுக்கு ஓனிகிரி. முக்கோணமாகப் பிடித்த சோற்றுருண்டை, வெளியே கடற்பாசித் தாள். அதன் உறையில் 1, 2, 3 என்று இலக்கம் போட்டிருக்கும். அந்த ஒழுங்கில் இழுத்தால் சோற்றில் படாமல் தனியே இருந்த பாசித்தாள் மொறுமொறுப்பாக வந்து சோற்றைச் சுற்றிக்கொள்ளும். அவன் தின்றதைவிட உரித்ததுதான் அதிகம். மகளுக்கு மெலன் பான் என்ற பணிஸ். பெயரில் மெலன் இருக்கிறது, அவள் வாங்கியவற்றில் அந்தப் பழம் இருக்கவில்லை.

அம்மாவின் கதை வேறு. பிறந்தது முதல் மச்சம் தொடாதவர். அப்பா காலமான பிறகு சாப்பாடு நன்றாகக் குறைந்துவிட்டது. அரை இடியப்பத்தோடு கையைக் கழுவுவார். அவரை யப்பானுக்குக் கூட்டிப்போக வேண்டாம் என்று உறவினர் பலர் சொன்னார்கள். ஊறுகாயும் பருத்தித்துறை வடையும் நிறையக் கட்டிக்கொண்டு போனோம்.

டோக்கியோவில் முதல் நாள் காலை, விடுதி உணவறையில், சோறும் மிசோ சூப்பும் வைத்தார்கள். சோயா அவரையை உப்பும் கோஜி என்ற பூஞ்சண விதையும் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்கவைத்த களிதான் மிசோ. அதை வெந்நீரில் கரைத்து, சோயாக் கட்டித் துண்டும் வெங்காயத்தாளும் போட்டிருந்தார்கள். அம்மா ஒரு வாய் குடித்தார். பிறகு கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி முழுவதும் குடித்தார். "இன்னும் கொஞ்சம் கிடைக்குமோ?" என்று கேட்டார். அம்மா எதையேனும் இரண்டாம் முறை கேட்டு இரண்டு வருடமாகியிருந்தது. மூன்று காலையும் அப்படியே. உப்பு அதிகம் என்பது எமக்குத் தெரியாமலில்லை. வைத்தியர்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

நான்காம் நாள் இரவு ஒசாக்காவில் ஒக்கோனோமியாக்கிக் கடைக்குப் போனோம். கோவாவும் மாவும் முட்டையும் கலந்து இரும்புத் தட்டில் சுடும் தடித்த அடை அது. அம்மா அறையில் வடையோடு இருந்துவிட்டார். அடையின்மேல் மரச் சீவல் போன்ற மெல்லிய தூவலை அள்ளிப் போட்டார்கள். சூட்டில் அது உயிருள்ளது போல் நெளிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எமக்கோ வாசம்தான் முதலில் வந்தது. மாசி!

விடுதியில் படித்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. அங்கே சைவ மேசை வேறு, மச்ச மேசை வேறு. சைவ மேசையிலிருந்து எழுந்துபோய் மாசிச் சம்பலைத் தொட்டு நக்கியவர்கள் யாரென்று இச்சபையில் நான்கு பேருக்குத் தெரியும். சூரை மீனை அவித்து, புகையூட்டி, கட்டையாகும் வரை உலர்த்துவது மாசி. யப்பானியரும் அதே சூரையைத்தான் அப்படிச் செய்கிறார்கள். சிறந்த வகைக்குப் பூஞ்சணமும் பிடிக்கவிட்டு மேலும் உலர்த்துவார்கள். கட்சுவோபுஷி என்று பெயர். நாங்கள் இடிக்கிறோம், அவர்கள் சீவுகிறார்கள்.

அந்த வாசத்தோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மூன்று நாளாக அம்மாவின் கிண்ணத்திலிருந்து மெல்லியதாக வந்ததும் இதுதான். கடைக்காரரிடம் தொலைபேசி மொழிபெயர்ப்பில் கேட்டோம். மிசோ சூப்பின் அடிநீருக்கு டாஷி என்று பெயராம். கொம்பை ஊறவைத்து, சூடாக்கி, கொதிக்குமுன் எடுத்துவிட்டு, கட்சுவோபுஷியைப் போட்டு வடிப்பார்களாம். (கொம்பு என்பது அங்கே ஒரு கடற்பாசி. மாடு சம்பந்தப்படவில்லை.) நூடில்ஸ் சாறு, தெம்புராவுக்குத் தொடும் சாறு, முட்டைப் பொரியல் எல்லாவற்றிலும் பெரும்பாலும் அந்த நீர்தான்.

அன்றிரவு நாங்கள் இருவரும் பேசினோம். வாட்டில் நோயாளியின் பிள்ளைகள் எம்மைப் படிக்கட்டில் மறித்து, "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ டொக்டர், சாப்பிடாமல் விட்டிடுவா" என்று கெஞ்சுவார்கள். அவருடைய உடம்பு, அவருக்குத் தெரியவேண்டும் என்று இருபது வருடமாகப் பதில் சொல்லி வருகிறோம். அன்று ஒரு முடிவும் எடுக்காமல் படுத்தோம். காலையில் அம்மா மிசோ சூப்பு எடுத்துவந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். குடித்து முடித்தார்.

கோயாசான் மலைக்குப் போகும் ரயிலில்தான் சொன்னோம். அம்மா வெகுநேரம் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"எப்ப தெரியும்?"

"நேற்று இரவம்மா."

"அப்ப காலமையும் தெரிஞ்சுகொண்டுதான் இருந்தனீங்கள்."

பதில் இல்லை.

"தெரியாமல் குடிச்சதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. அது சாமிக்கும் விளங்கும். இண்டையான் கிண்ணம் வேறை."

இரண்டு ரயிலும் மலை ஏறும் கேபிள் காரும் மாறும்வரை அவர் எம்மோடு பேசவில்லை. மகளோடு மட்டும் பேசினார்.

கோயாசான் பௌத்த மடங்கள் நிறைந்த மலையூர். குகாய் என்ற துறவி 9ஆம் நூற்றாண்டில் தொடக்கிய தலம். மடங்களிலேயே தங்கலாம். அங்கே தருவது ஷோஜின் ரியோரி என்னும் துறவியர் உணவு. மச்சம் இல்லை, வெங்காயம், உள்ளிகூட இல்லை. அம்மாவின் கந்தசஷ்டிச் சமையல் போலத்தான். முழங்கால் மடக்க முடியாதென்று அவருக்குக் குட்டிக் கதிரை போட்டார்கள். எள்ளை அரைத்து, குட்சு என்ற கொடியின் கிழங்கு மாவோடு காய்ச்சி உறையவைத்த கோமா டோபு வந்தது. பெயர்தான் டோபு, சோயா இல்லை. எள்ளுப்பாகுவின் வாசமும் வட்டிலப்பத்தின் மிருதுவும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இனிப்பில்லை.

மறுநாள் காலைப் பூசைக்குப் பின் மறுபடியும் மிசோ சூப்பு! அம்மா கிண்ணத்தைத் தொடாமல் எம்மைப் பார்த்தார். பரிமாறிய இளந்துறவியிடம் கேட்டோம். கொம்பு, காய்ந்த ஷிட்டாக்கே காளான், அவ்வளவுதான் என்றார். 1908இல் கிக்குனே இக்கேடா என்ற இரசாயனப் பேராசிரியர் கொம்பிலிருந்துதான் குளுட்டமேற்றைப் பிரித்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். காய்ந்த ஷிட்டாக்கேயில் உள்ள வேறொரு பொருள் அதைப் பலமடங்கு தூக்கிக் காட்டும். மீன் இல்லாமலே நாக்கு நிறையும். இந்த விளக்கத்தை அம்மாவிடம் சொல்லத் தொடங்கினோம்.

"அவர் சொன்னாச் சரி," என்று துறவியைக் காட்டிவிட்டு இரண்டு கிண்ணம் குடித்தார்.

எம்மை மன்னித்தது அன்றல்ல. அதற்குப் பிறகு இரண்டு நாளாகப் பெட்டி, போத்தல், பொதி எல்லாவற்றின் பின்புறத்தையும் தொலைபேசியில் வாசித்துக் காட்டினோம். ஒரு மரக்கறிப் பொரியல் பொதியில் மீன் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்ன அன்றுதான் சிரித்தார்.

ஊருக்கு வந்தபின் அம்மா கோமா டோபுவை எங்கள் எள்ளிலும் அரரூட் மாவிலும் செய்து பார்த்தார். இரண்டு தடவை கூழாகவே நின்றது. மூன்றாம் தடவை உறைந்தது. இன்றைக்கும் ஒரு தட்டு கொண்டுவந்திருக்கிறார். பாயசத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சற்றுத் தளர்வாகத்தான் இருக்கும், கரண்டியால் எடுங்கள். என்னென்ன சேர்த்தது என்று ஒரு துண்டில் எழுதியும் வைத்திருக்கிறார்.