திகில் படங்களில் இடம்பெறாத ஆவிகள்

(ஐதராபாத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒரு சமூகம் யாரைக் கண்டு அஞ்சுமாறு பழக்கப்படுத்தப்படுகிறது என்பதைத் திகில் திரைப்படங்கள் தெளிவாகக் காட்டிவிடுகின்றன.

அமெரிக்கத் திகில் படங்களில் கறுப்பின மக்களுக்கு நெடுங்காலம் பெரும்பாலும் இரண்டு வேடங்களே தரப்பட்டன. ஒன்று, சூனியம் செய்யும் மந்திரவாதி. மற்றொன்று, பேய்க்கு நடுங்கி நகைப்பூட்டும் வேலைக்காரன். 1968இல் ஜார்ஜ் ரொமேரோ இயக்கிய ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ இவ்வழக்கத்தை உடைத்தது. அதன் நாயகனாக நடித்தவர் டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர். நடைப்பிணங்களிடமிருந்து இரவெல்லாம் தப்பிப் பிழைத்த அந்த நாயகனை, விடிந்ததும் துப்பாக்கி ஏந்திய வெள்ளையர் கூட்டம் சுட்டுக் கொல்கிறது. மார்ட்டின் லூதர் கிங் படுகொலை செய்யப்பட்ட ஆண்டு அது. 2017இல் ஜோர்டான் பீல் இயக்கிய ‘கெட் அவுட்’ படத்தில், கறுப்பினத்தவரின் உடல்களையே அபகரிக்கும் வெள்ளைச் செல்வந்தரின் இல்லம்தான் அச்சத்தின் உறைவிடம். அதன் திரைக்கதைக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது.

ஐதராபாத்தில் இயங்கும் தெலுங்குத் திரையுலகிலோ நிலைமை வேறு. 2009இல் வெளிவந்த ‘அருந்ததி’யில் கத்வால் சமஸ்தானத்து அரச குலப் பெண்ணே மக்களைக் காப்பவள், மக்களோ அவளை வணங்கி நிற்பவர்கள். ஆனால் ‘கடி’ எனப்பட்ட நிலப்பிரபுக்களின் மாளிகைகளைக் கண்டு தெலங்கானா உழவர்கள் நடுங்கியதே வரலாறு. வெட்டி உழைப்பும் சவுக்கடியும் அங்கு அன்றாட நிகழ்வுகள். 1946 ஜூலை 4 அன்று கடவெண்டியில் விசுனூர் தேஷ்முக்கின் அடியாட்கள் சுட்டதில் தொட்டி கொமரய்யா உயிர்நீத்தார். அதன்பின் மூண்ட ஆயுதப் போராட்டம் 1951 வரை நீடித்தது. அந்த மாளிகைகளின் கொடுமைக்குப் பலியானோரின் ஆவிகளுக்கு ‘அருந்ததி’யின் அரண்மனையில் இடமில்லை.

2023இல் வெளிவந்த ‘விரூபாக்ஷா’வில், சூனியக்காரர்கள் என்று கூறி ஒரு கணவன் மனைவியை ஊரார் தீயிட்டுக் கொல்கின்றனர். ஆண்டுகள் கழித்து மந்திர சக்தியாலேயே ஊர் பழிவாங்கப்படுகிறது. சூனியம் மெய்யென்றே ஆகிவிடுகிறது! தெலங்கானாக் கிராமங்களில் ‘பாணாமதி’ செய்ததாகப் பழி சுமத்தி ஏழை எளியோர் அடித்தும் எரித்தும் கொல்லப்பட்டுள்ளனர். கொன்றவர்களின் அச்சத்துக்கு இத்தகைய கதைகள் நியாயம் கற்பிக்கின்றன.

எனவே, திகில் படங்களை அற்பமென்று ஒதுக்கிவிடுவது பண்பாட்டு ஊழியர்களுக்குத் தகாது. மாளிகை யாருடையது, மாள்பவர் யார், யாரைக் கண்டு அஞ்சச் சொல்கிறது படம் என்ற மூன்று வினாக்களைக் கிளைக் கூட்டங்களிலும் இளைஞர்களிடையேயும் எழுப்ப வேண்டும். பாணாமதிப் பழிக்கு ஆளாகும் குடும்பத்தின் வாசலில், கூட்டம் திரளும் முன்பே சென்று நிற்க வேண்டும்.