இரண்டாவது டிஸ்கில் லினக்ஸ்: விண்டோஸைத் தொடாமல் ஒரு வழி

(கூடுவாஞ்சேரியில் இ-சேவை மையம் நடத்துவோரிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், மறைமலைநகர்னு பல இடத்திலிருந்து வந்திருக்கீங்க. உங்கள்ல பல பேர் மையத்துல இருக்கிற கம்ப்யூட்டர் ஏழெட்டு வருஷம் பழசு. அதுல விண்டோஸ் 10 ஓடுது. அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. வீட்டு உபயோகக் கணினிகளுக்கு, பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு, அவ்வளவுதான். சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாமேன்னா அது டிபிஎம் 2.0 சிப் கேட்குது. இன்டெல் பிராசசரில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவை பெரும்பாலும் அதன் பட்டியலிலேயே இல்லை. மெஷின் நல்லாத்தான் ஓடுது, ஆனா காவல்காரன் வேலையை விட்டுப் போயிட்டான்.

வீட்டுக் கம்ப்யூட்டர்னா விஷயம் வேற. உங்க மெஷின்ல ஊர் ஜனங்களோட ஆதார் நகல், குடும்ப அட்டை, பட்டா, மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஸ்கேன் ஆகிக் கிடக்கு. வர்றவங்க கொடுக்கிற பென்டிரைவையும் வாங்கி அதுலயே சொருகுறீங்க. வைரஸ் புகுந்தா நஷ்டம் உங்களுக்கு மட்டும் இல்லை.

அதுக்காக விண்டோஸை அழிச்சுட்டு லினக்ஸ் போடுங்கன்னு நான் சொல்லமாட்டேன். கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இவற்றுக்கான மென்பொருள் பலவும் விண்டோஸை நம்பியே இருக்கு. அது இருக்கட்டும். லினக்ஸுக்கு இன்னொரு டிஸ்க் போடுங்க. பிரவுசர் வேலை, ஸ்கேன், பிடிஎஃப், பென்டிரைவ் எல்லாம் லினக்ஸ் பக்கம். கைரேகை வேலை மட்டும் விண்டோஸ் பக்கம்.

ஒரே டிஸ்கைப் பிரிச்சு ரெண்டையும் போட முடியாதா? முடியும். நம்ம அரசே செஞ்சிருக்கு. 2011-ல தொடங்கின இலவச மடிக்கணினித் திட்டத்துல விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தாங்க. அந்த பாஸ், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையா வச்சு உருவாக்கினது. அப்படி ஒரே டிஸ்கில் ரெண்டும் இருக்கும்போது, கடையில கொடுத்து விண்டோஸை மறுபடி போட்டா, அது கணினி தொடங்கும் வாசலைத் தன் பேருக்கு எழுதிக்கும். லினக்ஸ் உள்ளே அப்படியே இருந்தாலும் போக வழி தெரியாது. அதைவிட மோசம், பார்ட்டிஷன் பிரிக்கும்போது கை தவறினா ஃபைல்களே போயிடும். தனி டிஸ்கில் இந்த வம்பு இல்லை. வீட்டுக்குள்ள தடுப்புச் சுவர் எழுப்புறதுக்கும் பக்கத்து மனையில தனி வீடு கட்டுறதுக்கும் உள்ள வித்தியாசம்.

லினக்ஸ் மின்ட் 20 ஜிபி இருந்தாலே உட்காரும். 100 ஜிபி இருந்தா நல்லதுன்னு அவங்களே சொல்றாங்க. ரேம் 4 ஜிபி. ஆகவே சின்ன எஸ்எஸ்டி போதும். ரிச்சி தெரு வரைக்கும் போகணும்னு கூட இல்லை, தாம்பரத்துலயே கிடைக்கும். டெஸ்க்டாப்னா ஒரு சாட்டா கேபிள் கூட வேணும். மடிக்கணினியில ரெண்டாவது எம்.2 இடமோ, டிவிடி டிரைவ் இருந்த இடத்துல பொருந்துற கேடியோ இருந்தாத்தான் முடியும்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை. லினக்ஸ் மின்ட்டையோ உபுண்டுவையோ பென்டிரைவ்ல எழுதி, நிறுவாமலே ஓட்டிப் பாருங்க. உங்க பிரிண்டர் அடிக்குதா, ஸ்கேனர் எடுக்குதா, நீங்க தினமும் திறக்கிற அரசு இணையதளம் ஒழுங்கா வருதா? ஜெராக்ஸ் கடைகள்ல ஓடுற சில பழைய லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் மக்கர் பண்ணும். அதைக் காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம்.

விண்டோஸ்ல இருக்கிற முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க் ஒண்ணில் நகல் எடுங்க. பிட்லாக்கர் போட்டிருந்தா அதன் மீட்புச் சாவியை, 48 இலக்கம் இருக்கும், காகிதத்துல எழுதி வைங்க. பயாஸில் ஏதாவது மாத்தினா அது அந்த எண்ணைக் கேட்கலாம்.

இனிதான் நான் வலியுறுத்திச் சொல்ல வந்த விஷயம். நிறுவும்போது விண்டோஸ் டிஸ்கைக் கழற்றிடுங்க. பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டைத் திறந்து, அந்த டிஸ்கின் கேபிளை உருவி வைங்க. எம்.2-ன்னா ஒரே ஒரு ஸ்க்ரூ. காரணம் இருக்கு. ரெண்டு டிஸ்க்கும் மாட்டியிருந்தா, நீங்க ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்தாலும் சில நிறுவிகள் தொடக்க நிரலை முதல் டிஸ்கின் இஎஃப்ஐ பகுதியில கொண்டுபோய் வச்சிடும். அப்புறம் ஒரு டிஸ்கைக் கழற்றினா இன்னொண்ணும் எழுந்திருக்காது. திரையில எஸ்டிஏ, எஸ்டிபின்னு வர்ற பேரை நம்பி அழிக்கிறதும் ஆபத்து; அந்த வரிசை மாறும். ஒரே டிஸ்க் மாட்டியிருந்தா "முழு டிஸ்கையும் அழிக்கவா"ன்னு கேட்கும்போது கை நடுங்காம சரின்னு சொல்லலாம்.

அதே திரையில குறியாக்கம்னு ஒரு வாய்ப்பு வரும். அதை டிக் பண்ணுங்க. மெஷின் திருட்டுப் போனாலும் லினக்ஸ் டிஸ்கில் இருக்கிற ஸ்கேன்களைக் கடவுச்சொல் இல்லாம திறக்க முடியாது. அந்தச் சொல்லை மறந்தா உங்களுக்கும் இதே கதிதான்.

முடிஞ்சதும் அணைச்சுட்டு, விண்டோஸ் டிஸ்கை மறுபடி மாட்டுங்க. கணினி தொடங்கும்போது எஃப்12 அழுத்தினா எந்த டிஸ்க்னு கேட்கும். சில மெஷின்ல எஃப்9, எஃப்11 அல்லது எஸ்கேப். அடிக்கடி வேணும்கிறதை பயாஸில் முதலாவதா வச்சுக்கலாம்.

லினக்ஸில் வேலை செஞ்சுட்டு விண்டோஸுக்கு வந்தா கடிகாரம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டலாம். பேய் இல்லை! லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்துல உலகப் பொது நேரத்தை எழுதும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம்னு படிக்கும். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாத்த ஒரு வரிக் கட்டளை இருக்கு. விட்டுட்டா சில நேரம் இணையதளங்கள் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாதுன்னு முரண்டு பிடிக்கும். தமிழ் தட்டச்சுக்குப் பயம் வேண்டாம், தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு.

இங்க ஒரு அக்கா கேட்டாங்க, லினக்ஸ்ல இருந்து விண்டோஸ் டிஸ்கில் உள்ள ஃபைலைத் திறக்கலாமான்னு. திறக்கலாம். ஆனா விண்டோஸ்ல 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இருந்தா, ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுசா மூடாது, பாதித் தூக்கத்துல இருக்கும். அந்த நிலையில லினக்ஸ் பெரும்பாலும் படிக்க மட்டும்தான் விடும். வலுக்கட்டாயமா எழுதினா ஃபைல் கெடலாம். கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ் போய் அதை அணைச்சுடுங்க. பென்டிரைவைப் பொறுத்தவரை, லினக்ஸில் திறந்து, வேண்டிய பிடிஎஃப்பை மட்டும் லினக்ஸ் டிஸ்கிலேயே சேமிச்சு வேலையை முடிங்க. அந்த பென்டிரைவை விண்டோஸ் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.