காருக்குக் கடன் உண்டு, மண்ணுக்கு?

(சேரம்பாடியில் மாணவர்களும் தோட்டத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நான் கார் பற்றிப் பேசப் போகிறேன். இங்கே லைன் வீட்டில் பிறந்து கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, பெரிய கார் ஒண்ணு எடுக்கணும். கடன் போட்டு வாங்கலாமா, லீசுக்கு எடுக்கலாமா? நீங்க பேங்க்ல இருக்கீங்க, சொல்லுங்க." பக்கத்தில் இருந்த தோழர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1929இல் அம்பேத்கர் சாலிஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்கினார். தீண்டத்தகாதவரை ஏற்றி ஓட்டமாட்டேன் என்றான் குதிரைவண்டிக்காரன். வண்டியை மட்டும் வாடகைக்குக் கொடுத்தான். ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் ஓட்டினார். வண்டி விபத்துக்குள்ளாகி, அம்பேத்கரின் கால் முறிந்தது. அந்த வரலாறு உள்ளவன் நல்ல வண்டிக்கு ஆசைப்பட்டால் அது ஆடம்பரம் மட்டும்தானா? ஆசையைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணக்கை மட்டும் போட்டுக் காட்டினேன்.

காரின் விலை 60 இலட்சம் என்று வையுங்கள். பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 விழுக்காடு. அப்படியானால் 60இல் 17 இலட்சத்துக்கு மேல் வரி. விற்கும்போது அது திரும்பி வராது. 9 விழுக்காடு வட்டியில் ஐந்து வருடக் கடன் என்றால் மாதத் தவணை 1,24,500 ரூபாய். இன்சூரன்ஸ் கணக்கிலேயே ஐந்தாம் வருடம் கார் பாதி மதிப்பு. கையில் நிற்பது 30 இலட்சம். அதே வட்டியில் லீஸ் என்றால் மாதம் சுமார் 85,000, அதற்கு மேல் வரி. தவணை 40,000 குறைகிறது. ஆனால் ஐந்து வருடம் கழித்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நடக்க வேண்டும். வட்டியோடு பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். தேய்மானத்தை நாம்தான் கட்டுகிறோம்.

ஐந்து வருடத்தில் இஞ்சின் பாதியாகத் தேய்ந்துவிடாது. இன்னொருவன் கைபட்டுவிட்டது என்பதற்கும் சேர்த்துத்தான் விலை விழுகிறது. கைபட்டால் மதிப்புக் குறையும் என்கிற தத்துவம் நமக்குத் தெரியாததா, தோழர்களே? புதுக் காருக்குக் கொடுக்கிற காசில் ஒரு பங்கு ஊர்க்காரன் கண்ணுக்குக் கொடுக்கிற காசு.

இப்போது அந்தத் தம்பியின் வீட்டுக்கு வாருங்கள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டம். இரண்டு தலைமுறை கொழுந்து பறித்த குடும்பம். அம்மா ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இதுதான் லீஸ்! வாழ்நாள் முழுக்க உழைப்பைக் கட்டிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுப்பது. மாஞ்சோலையைப் பாருங்கள். 1929இல் 99 வருடக் குத்தகை, 8,373 ஏக்கர். 2024இல் கம்பெனி விலகியதும், பெரும்பாலும் தலித்துகளான தொழிலாளிகள் மலையை விட்டு இறங்க வேண்டியதானது. தோட்டத்தின் மதிப்பில் அவர்களுக்கு ஒரு சென்ட் மண் இல்லை.

"அப்போ இங்கேயே இடம் வாங்கி வீடு கட்டுறேண்ணே" என்றான். எங்கே வாங்குவது? இது நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம நிலம். 1969இல் கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது, 1974இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இன்னும் பட்டா இல்லை. பட்டா இல்லாவிட்டால் வங்கியில் வீட்டுக் கடன் இல்லை. இதை கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நானே சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு அன்றைக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. சம்பளச் சீட்டு இருந்தால் காருக்கு இரண்டு நாளில் கடன். நம் பிள்ளைகளின் ஆசை காரை நோக்கிப் போகவில்லை, தள்ளப்படுகிறது. தேய்கிற பொருளுக்குக் கடன் தருகிறார்கள். தேயாத மண்ணுக்குப் பட்டா தர மறுக்கிறார்கள்.

தம்பிக்குச் சொன்னது: "முதல்ல அம்மா பேர்ல பட்டாவோட ஒரு இடம், சமவெளியிலன்னாலும் சரி. அப்புறம் அஞ்சு வருஷம் ஓடின கார பாதி விலைக்கு வாங்கு. அவன் கட்டின தேய்மானம் நமக்கு லாபம். கைபட்டதுன்னு நாம ஏன் ஒதுக்கணும்?"

உங்களுக்குச் சொல்வது: சிரிக்காதீர்கள். அவனையும் கூட்டிக்கொண்டு பட்டா கேட்கத் தாலுகா அலுவலகம் போவோம். அவன் காரிலேயே போவோம்.

ஜெய்பீம்.