பருவும் பரீட்சையும்



பதினான்கு பதினைந்து வயதில் முகத்தில் பரு அரும்பத் தொடங்கிய பிள்ளைக்கு நம் வீடுகளில் வைத்தியர்களுக்குப் பஞ்சமே கிடையாது. பாட்டி, சாதிக்காயைச் சந்தனக் கல்லில் இழைத்துப் பற்றுப் போடச் சொல்வாள். அத்தை, கஸ்தூரி மஞ்சளோடு வேப்பங்கொழுந்தைச் சேர்த்து அரைக்கச் சொல்வாள். அடுத்த வீட்டு மாமி, எலுமிச்சம்பழத்தை அரிந்து அப்படியே தேய்த்துவிட்டால் போதும் என்பாள். கல்லூரியில் படிக்கும் அண்ணனோ, இரவில் பற்பசையைத் தொட்டு வைத்துக்கொண்டு படுத்தால் விடிவதற்குள் பரு இருந்த இடம் தெரியாது என்று சத்தியமே செய்துவிடுவான். இவர்களில் ஒருவரும் பொய் சொல்பவர் அல்லர். தாம் கண்ணால் கண்டதைத்தான் ஒவ்வொருவரும் சொல்லுகிறார்கள். சங்கடமே அதில்தான் இருக்கிறது. ஏனெனில், பார்ப்பவர் கண்ணை இவ்வளவு எளிதில் ஏமாற்றிவிடும் வியாதிகள் மிகச் சிலவே.

நம் சருமத்தில் மயிர்க்கால்களை ஒட்டி நெய் சுரக்கும் நுண்ணிய சுரப்பிகள் இருக்கின்றன. பிராயம் வந்ததும், ஆண் பெண் இருபாலார் உடலிலும் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மிகுந்து, அதன் தூண்டுதலால் இச்சுரப்பிகள் பருத்து வேண்டியதற்கு மேல் நெய்யைச் சுரக்க, மயிர்க்காலின் உட்புறத்தில் உதிர வேண்டிய செத்த அணுக்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டி அதன் வாயை அடைத்துக்கொள்ள, அடைபட்ட நெய்யில் வழக்கமாகவே குடியிருக்கும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற கிருமி பெருகி, சுற்றிலும் சிவந்து வீங்கிச் சீழ் கோக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அந்த அடைப்பு பருவாக வெளிப்பட வாரக்கணக்கில், சில சமயம் எட்டு வாரங்கள்கூட, ஆகும். வெளிப்பட்ட சாதாரணச் செம்பருவோ, யாரும் எதுவும் செய்யாமலே, பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானே அமுங்கிவிடும்.

இந்த இரண்டு கால அளவுகளையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். முகம் மிகவும் மோசமாகிவிட்ட அன்றைக்குத்தான் ஒருவர் சாதிக்காயைத் தேடி எடுக்கிறார். அதாவது, பரு தானாகவே வடியத் தொடங்கும் தறுவாயில் மருந்து தொடங்குகிறது. பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டிப் பரு மிகுந்து பின்னர் தணிவதும் உண்டு. ஆக, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, புகழ் முழுவதும் சாதிக்காய்க்குப் போய்ச் சேருகிறது. அடுத்த மாதம் மறுபடியும் பரு வந்தால், சாதிக்காயைக் குறை சொல்வார் யாரும் இல்லை. பிள்ளை எண்ணெய்ப் பலகாரம் தின்றான் என்று பழி அவன் மேல் விழுகிறது!

அப்படியானால் ஒரு கைவைத்தியத்தை நியாயமாகப் பரீட்சை செய்வது எப்படி? சரும வைத்திய ஆராய்ச்சியாளர்கள் கையாளும் ஒரு முறை எளிமையானது. வீட்டிலும் ஒருவாறு செய்து பார்க்கத் தக்கது. முகத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்வதே அது. ஒரு கன்னத்தில் மஞ்சள் கலந்த பயத்தமாவைப் பூசினால், மறு கன்னத்தில் மஞ்சள் கலவாத பயத்தமாவை அதே அளவு, அதே நேரம் பூசிக் கழுவ வேண்டும். வெறும் கன்னத்தோடு ஒப்பிட்டால் போதாதோ என்று கேட்கலாம், போதாது. மாவைத் தேய்த்துக் கழுவியதால் வந்த குணத்தை மஞ்சளின் குணமென்று மயங்க அங்கே இடமிருக்கிறது. வாரம் ஒரு நாள், ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் நிற்கவைத்து, வெண்முளை, கருமுளை, செம்பரு, சீழ்ப்பரு ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணிக் குறித்துவைக்க வேண்டும். எண்ணுகிறவர், எந்தக் கன்னத்தில் மஞ்சள் என்பதை அறியாதவராயிருப்பது உத்தமம். ஆனால் கஸ்தூரி மஞ்சளின் சாயலும் வாசனையும் ரகசியத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது இந்தப் பரீட்சையில் ஒரு வேடிக்கையான தொல்லை. எட்டு வாரத்துக்கு முன் தீர்ப்புச் சொல்லலாகாது. இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, முன்கையின் உட்புறத்தில் சிறிது பூசி, ஓரிரு நாள் அரிப்போ தடிப்போ வருகிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

இத்தகைய சோதனைக்கு உட்பட்டுத் தேறிய இயற்கை மருந்து ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் வளரும் மெலலூக்கா மரத்தின் இலையிலிருந்து வடிக்கும் டீ ட்ரீ எண்ணெயை, 1990-ஆம் ஆண்டு சிட்னியில் 124 நோயாளிகளிடம் பரீட்சித்தார்கள். ஒரு சாராருக்கு நூற்றுக்கு 5 பங்கு இந்த எண்ணெய் கலந்த களிம்பு. மறு சாராருக்கு, வைத்தியர்கள் வழக்கமாகக் கொடுக்கும் பென்சாயில் பெராக்சைடு, அதே 5 பங்கு. இரண்டும் பருவைக் குறைத்தன. எண்ணெய் தாமதமாக வேலை செய்தது, ஆனால் எரிச்சலும் வறட்சியும் குறைவாகவே இருந்தன. தெளிவான, அடக்கமான முடிவு. அந்த 5 பங்கு என்ற அளவை மறந்து, எண்ணெயைக் குப்பியிலிருந்து நேரே பூசிக்கொண்டவர்களின் சருமம் வெந்து தடித்ததும் உண்டு.

மற்றொரு பக்கம் தேங்காயெண்ணெயைப் பாருங்கள். அதன் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அந்த அமிலம் பருக் கிருமியைச் சோதனைச் சாலையில் கொல்லுகிறது. அது கொண்டு தேங்காயெண்ணெய் பருவுக்கு மருந்து என்று சொல்லலாமா? முயலின் காதில் பூசி நடத்திய சோதனைகளில், மயிர்க்காலை அடைக்கும் பொருள்களின் வரிசையில் அதே எண்ணெய் இடம்பெற்றது. முயல் காது மனித முகத்தைவிட எளிதில் அடைபடுவது என்பதால், அந்தத் தீர்ப்பையும் முற்றும் நம்பிவிட முடியாது. இருந்தாலும், தலைக்குத் தாராளமாகப் பிசுக்குத் தடவுகிறவர்களுக்கு நெற்றியில் சிறு பருக்கள் வரிசையாக எழுவதை 1970-இலேயே வைத்தியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். மஞ்சளும் வேம்பும் சாதிக்காயும் கண்ணாடித் தட்டில் கிருமியை அடக்கியதாக வரும் செய்திகளையும் இவ்விதமே கொள்ள வேண்டும். கண்ணாடித் தட்டு வேறு, கன்னம் வேறு.

பரீட்சை என்ற பெயர் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1969-இல் அமெரிக்காவில் 65 பேருக்குச் சாக்லேட் கொடுத்தும், சாக்லேட் இல்லாத மிட்டாய் கொடுத்தும் பார்த்து, பருவில் வித்தியாசமில்லை என்று அறிவித்தார்கள். அது வெகுகாலம் வேதவாக்காக விளங்கியது. ஆனால் அந்த மாற்று மிட்டாயிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறக்குறையச் சமமாகவே இருந்தன என்று பிற்காலத்தவர் சுட்டிக்காட்டினார்கள். 2007-இல் ஆஸ்திரேலியாவில், ரத்தத்தில் சர்க்கரையை விரைந்து ஏற்றாத ஆகாரத்தைப் 12 வாரம் உண்ட இளைஞர்களுக்குப் பரு குறைந்தது கண்டார்கள். பிள்ளையின் வாயைக் கட்டிய பாட்டியின் கட்சிக்கு இதனால் கொஞ்சம் பலம் சேர்ந்திருக்கிறது.

எலுமிச்சையையும் பற்பசையையும் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. அவற்றைப் பரீட்சிக்கவும் வேண்டாம். எலுமிச்சைச் சாறு சருமத்தின் இயல்பான புளிப்பைவிடப் பல நூறு மடங்கு கடுமையான அமிலம். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, கறுத்த திட்டுகள் மாதக்கணக்கில் நிற்கும். பற்பசை பல்லுக்கு ஆனது. முகத்தில் அது எரிச்சலையே உண்டாக்கும். இவற்றினும் மோசமானது, சீட்டில்லாமல் கடையில் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்பு: சில நாள் முகத்தைப் பளபளப்பாக்கிவிட்டுப் பிறகு அதுவே பருவை விளைவிக்கும்.

ஆகவே, பெற்றோர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். எட்டு வாரக் கைவைத்தியத்துக்குப் பின்னும் பரு குறையாவிட்டால், அல்லது தொட்டால் நோகும் கட்டிகளாக ஆழத்தில் திரண்டால், அதற்குமேல் ஒரு நாளும் காத்திராமல் பிள்ளையைச் சரும வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். பரு ஆறிவிடும், அது விட்டுப்போகும் பள்ளத் தழும்பை ஆற்றுவது, பருவை ஆற்றுவதைவிட மிகக் கடினம்.